பெட்டிக்குச் சொல்லாத ஐம்பது

இந்த வருடம் எங்கள் பாடசாலை மண்டபத்துக்குப் புதிய சதுரங்கப் பலகைகள் வந்திருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பியவை. காயை எடுத்து வைத்தால் பலகையே அதை அறிந்துகொள்ளும். மூலையில் இருக்கும் கணினியில் நகர்வு ஒவ்வொன்றும் தானாகப் பதியும். ஐம்பது ஆனதும் அதுவே காட்டும். இனி மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கதிரை போட்டு இருந்து எண்ணத் தேவையில்லை. இத்தனை வருடமும் அந்தக் கதிரையில் இருந்தவள் நான்.

போட்டிக்குச் சிறப்பு மலர் வெளியிடும் மலர்க்குழுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "பவளம் அம்மா, உங்கட சேவையைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார்கள்.

"எனக்கு எழுத வராது தம்பி."

"அப்ப சொல்லுங்கோ, நாங்கள் எழுதுறம்."

நான் சொன்னால் அவர்கள் சீனி போட்டு எழுதிவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவளின் எழுத்து இது. பிழையைத் திருத்தலாம். இலக்கத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

நான் எண்ணப் பழகியது ஆனையிறவு உப்பளத்தில். பள்ளிக்கூடத்தால் நின்றதும் அப்பா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாக வந்து உப்பைக் கொட்டுவார்கள். குவியலடியில் நான் ஒரு தகரப் பேணியோடு இருப்பேன். ஒரு கூடை கொட்டினால் ஒரு புளியங்கொட்டை பேணிக்குள் விழும். முதற்கூடைக்கு நாங்கள் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்போம். லாபம், இரண்டு, மூன்று. நெல் அளந்தாலும் அப்படித்தான். தொடங்கும்போதே ஒன்று என்று சொன்னால் ஒன்றோடு நின்றுவிடும் என்பது எங்களவர் நம்பிக்கை. கங்காணி எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான். "முகத்தைப் பாராதை, கூடையைப் பார்." முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், கதை வரும், எண்ணிக்கை பிசகும்.

பிறகு உப்பளம் சண்டைக்குள் அகப்பட்டது. நாங்கள் எங்கெங்கே போய் எப்படித் திரும்பினோம் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நடந்ததுதான். அதை விடுகிறேன். திரும்பி வந்த பிறகு கிளிநொச்சியில் இந்தப் பாடசாலையில் சிற்றூழியராகச் சேர்ந்தேன். மண்டபம் திறப்பது, கூட்டுவது, தண்ணீர் வைப்பது, மணி அடிப்பது என் வேலை.

பாடசாலைப் பிள்ளைகளுக்கான சதுரங்கப் போட்டியை எங்கள் மண்டபத்தில் தொடக்கியவர் கனகசபை மாஸ்டர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மெலிந்த ஆள். முதல் போட்டிக்கு முதல்நாள் மண்டபத்துக்கு வந்து, "எத்தனை கதிரை கிடக்கு பிள்ளை?" என்று கேட்டார். நான் யன்னல் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நூற்றி இருபத்தாறு. அதில ரெண்டுக்குக் கால் சரியில்லை."

அவர் எண்ணிப் பார்க்கவில்லை. "நாளைக்கு உன்ர வேலை முடிஞ்ச உடன என்னட்டை வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் அந்தக் கதிரை எனக்கு வந்தது.

சதுரங்கம் விளையாட எனக்கு இன்றும் தெரியாது. காய்களின் பெயர் தெரியும், அவை எப்படிப் போகும் என்று தெரியும், எண்ணத் தெரியும். விளையாடுகிறவர்கள் தங்கள் நகர்வைத் தாளில் எழுதவேண்டும். கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்துவிட்டால் எழுதத் தேவையில்லை. அப்போதுதான் எண்ணுகிற ஆள் தேவைப்படும். விதி இதுதான்: ஒரு காயும் வெட்டப்படாமல், ஒரு சிப்பாயும் அசையாமல், இரண்டு பேரும் ஐம்பது ஐம்பது நகர்வு ஆடிவிட்டால், விளையாடுகிறவர் கடிகாரத்தை நிறுத்திச் சமநிலை கேட்கலாம். கேட்டால் கொடுக்கவேண்டும்.

மாஸ்டர் எனக்கு ஒரு மட்டை தந்தார். அதற்குள் அரைத் தாள். இரண்டு பேரும் ஆடினால் ஒரு கீறல். ஐந்தாவது கீறலை முதல் நான்குக்கும் குறுக்கே போடுவது. எங்காவது ஒரு சிப்பாய் அசைந்தால், ஒரு காய் வெட்டுப்பட்டால், கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. மட்டையை நெஞ்சோடு சாய்த்துப் பிடிக்கவேண்டும், விளையாடுகிறவர் கண்ணில் படக்கூடாது. எத்தனை என்று யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, தலையாட்டக்கூடாது, உதடு அசையக்கூடாது. நடுவர் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

"வாய் திறக்கிறதெண்டா உனக்குக் கஷ்டம்தானே" என்றார். "இது உனக்கெண்டே வந்த வேலை."

அவர் மண்டபத்துக்குள் செருப்புப் போடமாட்டார், சத்தம் கேட்கும் என்று வாசலில் கழற்றிவிடுவார். தேநீரை வெளியில் நின்று குடிப்பார். சமநிலை கேட்டு யாராவது கை உயர்த்தினால் நடந்து வந்து, கடிகாரம் நிற்கிறதா என்று பார்த்து, என் பக்கம் குனிந்து, "எத்தனை?" என்பார். நான் இலக்கத்தைச் சொல்வேன். அதையே எழுதுவார். அத்தனை வருடத்தில் ஒருமுறையாவது "நிச்சயமோ?" என்று அவர் என்னைக் கேட்கவில்லை.

ஒருமுறை ஒரு பையன் கை உயர்த்தினான். நான் நாற்பத்தேழு என்றேன். அவனைப் பழக்கியவர் பாய்ந்து வந்து, "மாஸ்டர், அவா படிச்சது அஞ்சாம் வகுப்பு" என்றார்.

"ஐம்பதுக்கு அஞ்சாம் வகுப்புக் காணும்" என்றார் மாஸ்டர். "ஆயிரத்துக்கு மேல எண்ண வேண்டி வந்தா உங்களைக் கூப்பிடுறன்."

மண்டபம் சிரித்தது. நான் மட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒருவர் எனக்காகச் சொன்ன வார்த்தை என்று நினைத்துப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது.

ஏன் ஐம்பது, ஏன் அறுபது இல்லை என்று ஒருநாள் கேட்டேன். வெல்ல முடியாதவன் மற்றவனை ஓயாமல் இருத்தி வைத்திருக்கக் கூடாது, அதற்காகப் போட்ட வேலி என்றார். "ஆனா பிள்ளை, சில முடிவாட்டம் உண்மையாவே ஐம்பதுக்கு மேல போகும். அதுகளுக்கு மட்டும் கூடக் குடுத்துப் பாத்தவை. பிறகு கணினி வந்து இன்னும் நீட்டு, இன்னும் நீட்டு எண்டு கண்டுபிடிச்சுக்கொண்டே போச்சு. கடைசியில எல்லாத்துக்கும் ஐம்பதுதான் எண்டு நிப்பாட்டிப்போட்டினம். வேலி எண்டால் ஒரு இடத்தில நிக்கத்தானே வேணும்."

மாஸ்டர் ஒரு மாரியில் காய்ச்சலோடு படுத்தார், எழும்பவில்லை. அடுத்த போட்டிக்குப் பிரதம நடுவராக வந்தவர் ரமணன் சேர். முப்பது வயது இருக்கும். கொழும்பில் நடுவர் வகுப்புப் படித்தவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எல்லோரோடும் சிரித்துக் கதைப்பார். ஆனால் சப்பாத்தோடு மண்டபத்துக்குள் நடப்பார். மேசையில் ஒரு மடிக்கணினி எப்போதும் திறந்திருக்கும். பலகையில் ஐந்தாறு காய் மிஞ்சினால் போதும், அதே மாதிரி கணினியில் அடுக்கி, யார் வெல்வார் என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்லுவார். "இதுக்குள்ள எல்லா முடிவும் கிடக்கு. இது யோசிக்கிறேல்ல, பாத்துச் சொல்லுது" என்று ஒருநாள் எனக்கும் காட்டினார். நான் ஓம் சேர் என்றேன்.

டிலானி முல்லைத்தீவுக் கரைப் பக்கத்துப் பிள்ளை. அப்பா கடற்தொழில். வேதக்காரர். பதினேழு வயது, பாடசாலைப் பிரிவில் விளையாட அதுவே கடைசி வருடம். மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தவள், என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது தன் கதையெல்லாம் சொல்லுவாள். அந்த வருடம் சொன்னது இது: "அம்மா, இந்தமுறை மாகாண அணிக்கு எடுபட்டால் தொடர்ந்து விளையாடு, இல்லாட்டிக் காணும், நிப்பாட்டு எண்டு அப்பா சொல்லிப்போட்டார். எடுபடுவன் எண்டு நினைக்கிறீங்களோ?"

"எனக்கென்ன தெரியும் பிள்ளை."

"சும்மா ஓம் எண்டு சொல்லுங்கோவன்."

"ஓம்."

கடைசிச் சுற்றுக்கு வரும்போது அவளுக்கு அரைப் புள்ளி போதும். சமநிலை எடுத்தால் அணியில் இடம். தோற்றால் இல்லை. எதிரே இருந்தவள் வவுனியாப் பக்கத்துப் பிள்ளை, நல்ல விளையாட்டுக்காரி.

மத்தியானத்துக்குப் பிறகு மற்ற மேசைகள் எல்லாம் முடிந்துவிட்டன. இரண்டு பேருடைய கடிகாரத்திலும் ஐந்து நிமிடத்துக்குக் குறைவு. ரமணன் சேர் எனக்குக் கை காட்டினார். நான் கதிரையை எடுத்துக்கொண்டு போய் இருந்தேன். டிலானியிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். மற்றப் பிள்ளையிடம் ராஜாவும் இரண்டு குதிரையும். டிலானி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். உடனே ஒரு குதிரை வந்து அதன் முன்னால் குந்திக்கொண்டது. நான் கோடு இழுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

இந்த முடிவாட்டத்தின் விசித்திரத்தை மாஸ்டர் எப்போதோ சொல்லியிருந்தார். தனி ராஜாவை இரண்டு குதிரையால் வெல்ல முடியாது. மூலைக்குக் கொண்டுபோனாலும், ஆட இடமில்லாமல் முட்டிப்போய்ச் சமநிலையாகிவிடும். ஆனால் அந்த ராஜாவிடம் ஒரு சிப்பாய் மிஞ்சியிருந்தால், அது ஆடவேண்டி வரும், அதனாலேயே ராஜா அகப்பட்டு மேட் ஆகும். ஒன்றுமில்லாதவள் தப்புவாள். ஒன்று வைத்திருக்கிறவளைத்தான் பிடிக்கலாம்.

அந்தச் சிப்பாய் அசையவே இல்லை. குதிரை அதை விடவில்லை. மற்றக் குதிரையும் ராஜாவும் டிலானியின் ராஜாவைச் சுற்றிச் சுற்றித் துரத்தின. நான் கீறினேன். பத்து. இருபது. டிலானியின் இடது கை மேசைக்குக் கீழே இருந்தது. எனக்கு அது பக்கவாட்டில் தெரிந்தது. கைக்குள் செபமாலை. ஒரு நகர்வுக்கு ஒரு மணி தள்ளினாள். அவளும் எண்ணுகிறாள் என்று விளங்கியது. செபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து பகுதி, ஐம்பது மணி. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஐம்பதை எண்ண அதைவிட நிச்சயமான வழி ஏது?

ஐம்பதாவது கீறலை நான் குறுக்கே போட்டேன். அதே நேரம் அவளுடைய விரல் கடைசி மணியில் நின்றது. கடிகாரத்தை நிறுத்தினாள். அவளுக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட மிச்சம் இருந்தது.

"ட்ரோ கேக்கிறன் சேர். ஐம்பது முடிஞ்சுது."

ரமணன் சேர் வந்தார். சுற்றி ஆட்களும் கூடிவிட்டார்கள்.

"நீர் எப்பிடி எண்ணினீர்?"

அவள் கையைத் திறந்து செபமாலையைக் காட்டினாள்.

"இதாலயோ? இதில பெரிய மணியும் கிடக்கே. அதையும் சேத்து எண்ணினீரோ?"

"பெரிய மணியை விட்டுத்தான் சேர் எண்ணினனான்."

"மாதா ட்ரோ தருவா எண்டு நினைச்சிட்டீர் போல" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் மட்டையை நீட்டினேன். பத்துக் கட்டுக் கீறல். அவர் பார்த்தார், திருப்பித் தந்தார்.

"கீறலை ஆரும் கீறலாம் அம்மா. எப்பிடி எண்ணினீங்கள் எண்டு எண்ணிக் காட்டுங்கோ பாப்பம்."

அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்து பழக்கமில்லை. விரலை முதற்கீறலில் வைத்தேன். சத்தம் வெளியே வந்தபோது அது உப்பளத்துச் சத்தமாகத்தான் வந்தது.

"லாபம், ரெண்டு, மூண்டு..."

மண்டபம் சிரித்தது. மாஸ்டர் இருந்த காலத்துச் சிரிப்பு இல்லை.

"பொறுங்கோ, பொறுங்கோ. ஒண்டு எங்கை?"

அதுதான் ஒன்று, முதலுக்கு அப்படித்தான் சொல்வது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். மூன்றாவது கீறலில் இருந்து விரலை எடுத்தேன்.

"ஒண்டே இல்லாமல் ஐம்பது வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னார். பலகையில் நின்ற ஐந்து காயையும் பார்த்துப் பார்த்து அதில் வைத்தார். ஒரு தட்டுத் தட்டினார். "இஞ்சை பாருங்கோ. குதிரைப் பக்கம் வெற்றி. நாப்பத்தொரு நகர்வில மேட். அந்தப் பிள்ளை ஒழுங்கான வழியிலதான் விளையாடிக்கொண்டு வருது. வெற்றி எண்டு கணினியே சொல்லேக்கை நான் என்னண்டு ட்ரோ குடுக்கிறது? எண்ணிக்கையிலும் சந்தேகம்." பிறகு மிகவும் தன்மையாக, எனக்குப் பக்கத்தில் வந்து, ஒரு பிள்ளை தாயிடம் கேட்பதுபோலக் கேட்டார். "எண்ணினதில பிழை வந்திருக்கலாம்தானே அம்மா?"

நான், "ஓம் சேர்" என்றேன்.

டிலானி என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்காமல் கூடையைப் பார்க்கப் பழகியவள் நான். பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதிதாக எண்ணத் தொடங்கும்படி தீர்ப்பாயிற்று. பிழையாகச் சமநிலை கேட்டதற்காக மற்றப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தார். எண்ணுவதற்கு ஓர் ஆசிரியரை இருத்தினார். நான் கதவடியில் போய் நின்றேன். நின்றபடி எண்ணினேன். அவர்கள் சொன்ன ஒன்று எனக்கு ஐம்பத்தொன்று. எழுபத்தொன்றில் டிலானியின் கடிகாரம் முடிந்தது. மேட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. சிப்பாய் அதே இடத்தில் நின்றது. நேரம் போய்விட்டதால் தோல்வி.

அவளைக் கூட்டி வந்த மிஸ் பயந்த குணம், என்னைப் போல. "சேர், மேன்முறையீடு எழுதிக் குடுப்பமோ?" என்று கேட்டார்.

"தாராளமா எழுதலாம் மிஸ். குழு கூட ஒரு மணித்தியாலம் செல்லும்."

"முல்லைத்தீவு பஸ் போயிடுமே."

டிலானி பையைத் தோளில் போட்டாள். "வேண்டாம் மிஸ். எண்ணின ஆளே பிழை எண்டு சொல்லிப்போட்டா. இனி என்னத்தை எழுதுறது?" எனக்குக் கேட்கவேண்டும் என்று சொன்ன மாதிரியும் இல்லை, கேட்கக்கூடாது என்று சொன்ன மாதிரியும் இல்லை. போய்விட்டாள்.

ஆட்கள் போனபிறகு தும்புத்தடியை எடுத்து மண்டபத்தைக் கூட்டினேன். அது என் வேலை. வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் பேப்பர், எழுதிக் கசக்கிய தாள்கள். அவற்றுக்குள் என் அரைத் தாளும் கிடந்தது. மட்டையிலிருந்து எப்போது விழுந்ததென்று தெரியாது. பத்துக் கட்டுக் கீறலும் அப்படியே இருந்தன. எடுத்து வைத்தால் யாராவது கேட்பார்களோ என்று பயமாக இருந்தது. எல்லாவற்றோடும் சேர்த்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினேன்.

அதற்குப் பிறகும் நான் ஓய்வு பெறும்வரை எண்ணினேன். ஓய்வுக்குப் பிறகும் கூப்பிட்டார்கள், போனேன். ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. என் எண்ணிக்கையில் பிழை என்று அவர்கள் உண்மையாக நம்பியிருந்தால், என்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்களா? இதை நான் என்னையே கேட்டுக்கொண்ட நாட்கள் கொஞ்சமில்லை.

போன மாதம் புதிய பலகைகளைப் பொருத்திப் பார்க்க ஒரு சிறு போட்டி வைத்தார்கள். எண்ண வேலை இல்லை, சும்மா வந்து பாருங்கோ என்றார்கள். பின்வரிசை வாங்கில் இருந்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண், அவர்களை இருத்திவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"என்னைத் தெரியுதோ அம்மா?"

"தெரியும் பிள்ளை."

டிலானி இப்போது ஊரில் கூட்டுறவுக் கடையில் வேலை செய்கிறாள். அன்றோடு விளையாட்டு முடிந்துபோயிற்று. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சொல்லிக் கொடுக்கிறாளாம். கைத்தொலைபேசியை எடுத்தாள். "ஒண்டு காட்டட்டோ?"

ஐந்து காய். ராஜா, சிப்பாய், ராஜா, இரண்டு குதிரை. நான் பார்த்ததும் அறிந்துகொண்டேன்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். காய்கள் குறைந்த ஆட்டங்களை எல்லாம் கணினிப் பெட்டிகள் முன்பே கணக்குப் பார்த்து வைத்திருக்கின்றனவாம். முன்னாலிருந்து யோசிப்பதில்லை. மேட் ஆன இடத்தில் தொடங்கி, பின்னுக்குப் பின்னுக்குப் போய், எந்த நிலையிலிருந்து எத்தனை நகர்வில் அங்கே வரலாம் என்று பட்டியல் போட்டிருக்கின்றன. கொட்டிய குவியலிலிருந்து கூடை வந்த வழியைத் திரும்பிப் பார்த்து எண்ணுவது மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். விளையாடுகிற பெட்டி, அந்த நிலை வந்தவுடன் பட்டியலைப் பார்க்கும்.

"ஆனா அம்மா, அந்தச் சேரிட்டை இருந்தது பழைய பட்டியல். மேட்டுக்கு எத்தனை எண்டு மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஐம்பது எண்டு ஒரு விதி இருக்கிறதே அதுக்குத் தெரியாது. இப்ப இருக்கிற பட்டியல் வேறை. அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் அசையிறதுக்கோ எத்தனை நகர்வு எண்டு எண்ணும். அது ஐம்பதைத் தாண்டினால் வெற்றி எண்டு சொல்லாது. இஞ்சை பாருங்கோ, நான் சிப்பாயைத் தள்ளின உடன நிண்ட நிலை. குதிரை சிப்பாயை விடுறதுக்கே அறுபதுக்கு மேல வேணும். இதுக்கு ஒரு பேர் இருக்கு. சாபம் பட்ட வெற்றி. என்ர பக்கத்துக்கு ஆசீர்வாதம் பட்ட தோல்வி." சிரித்தாள். "எனக்கு ஆசீர்வாதம் மட்டும் வரேல்ல."

பிறகு இன்னொரு நிலையை அடுக்கினாள். அவள் கடிகாரத்தை நிறுத்திய நேரம் பலகையில் நின்றது. பெட்டி குதிரைப் பக்கம் வெற்றி என்றது.

"இந்தப் புதுசும் வெற்றி எண்டுதான் சொல்லுது, பாத்தீங்களோ? ஏனெண்டு சொல்லுங்கோ."

நான் திரைக்குக் கிட்டக் குனிந்தேன்.

"இதுக்கு முன்னாலை எத்தனை நகர்வு கழிஞ்சுது எண்டு நான் இன்னும் சொல்லேல்ல. காயை மட்டும் வைச்சால் பெட்டி இப்பதான் தொடங்கினது எண்டு நினைக்கும். சைபர். முழு ஐம்பதும் கையில கிடக்கு எண்டு நினைச்சுத்தான் வெற்றி எண்டு சொல்லுது. சேரும் அதைத்தான் செய்தவர். காயை வைச்சார். நாங்கள் ரெண்டு பேரும் எண்ணினதை வைக்கேல்ல." திரையில் ஒரு சிறு கட்டத்தைத் தொட்டாள். அதில் சைபர் நின்றது. "இதுக்குள்ள அந்த எண்ணைப் போடவேணும். எத்தனை போடட்டும்?"

நான் அவளைப் பார்த்தேன்.

"நான் எத்தனையோ தரம் போட்டுப் பாத்திட்டன் அம்மா. நீங்கள் சொல்லுங்கோ. எத்தனை?"

"ஐம்பது."

பெட்டி இரண்டு பேருடைய நகர்வையும் தனித்தனியாக எண்ணுமாம். நூறு என்று போட்டாள். வெற்றி என்று நின்றது சமன் என்று மாறியது. அதற்கு ஒரு நொடிகூடச் செல்லவில்லை.

அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏன் அண்டைக்கு ஓம் எண்டனீங்கள்?"

"சேர் கேட்டார் பிள்ளை."

"சேர் கேட்டால்?"

"ஓம் எண்டு சொல்லித்தான் பழக்கம்."

"நல்ல பழக்கம்" என்றாள்.

கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவளுடைய பிள்ளைகளில் ஒன்று கை உயர்த்தியது. எழும்பினாள். "சாப்பிட்டீங்களோ அம்மா? பிள்ளையளுக்குக் கொண்டுவந்த பாண் கிடக்கு, எடுத்துத் தரட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. நான் இதை ஆரிட்டையும் சொல்லட்டோ?"

"ஆரிட்டைச் சொல்லப் போறீங்கள்? அந்தச் சேர் இப்ப பெரிய ஆள். அந்த வவுனியாப் பிள்ளை நல்லாத்தான் விளையாடினது. எனக்கு இருபத்தேழு வயசு." போய்விட்டாள்.

மலர்க்குழுப் பிள்ளைகள் இரண்டு பக்கம் கேட்டார்கள். கூடிவிட்டது. ரமணன் சேரின் வாழ்த்துச் செய்தி படத்தோடு முன்பக்கத்தில் வருகிறது என்று சொன்னார்கள். என்னுடையது பின்னால், விளம்பரங்களுக்கு நடுவில் எங்காவது வரும். அது போதும். தாளை எரித்தவள் நான், அதனால் தாளில் எழுதித் தருகிறேன். அன்று டிலானி கடிகாரத்தை நிறுத்தியபோது நகர்வு ஐம்பது. லாபம் என்று தொடங்கி எண்ணினேன், ஒன்றும் விடுபடவில்லை. பிழை வந்திருக்கலாம்தானே என்று கேட்டதற்கு நான் சொன்ன ஓம் பொய்.